தோமையார் ஊரின் மணிப்பூக்கள்

இங்கிலாந்தில் கான்டர்பரி என்னும் பழம்பெரும் நகரம் உண்டு. அந்நகரின் பேராயராக விளங்கிய தாமஸ் பெக்கட் 1170ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் தம் பேராலயத்திற்குள்ளேயே வாளுக்கு இரையானார். அவருடைய கல்லறையை நாடி நூற்றாண்டுக் கணக்கில் யாத்திரிகர் சென்றனர். அவர்களுடைய குதிரைகளின் சேணங்களில் சிறு மணிகள் தொங்கி ஒலித்தன. ஊதா நிறத்தில் மணி வடிவாய்ப் பூக்கும் தோட்டச் செடி ஒன்றுக்கு ஆங்கிலேயர் 'கான்டர்பரி மணிகள்' எனப் பெயரிட்டது இந்த யாத்திரையை நினைந்தே என்பர். தாமஸ் என்றாலும் தோமா என்றாலும் பெயர் ஒன்றே. ஒரு தோமையாரின் ஊருக்குரிய இந்தப் பூவை மற்றொரு தோமையாரின் ஊராகிய நம் மயிலையில் வளர்க்கப் பலர் முயன்றிருக்கின்றனர். அவர்களுடைய முயற்சி பலிக்கவில்லை. ஆனால் யாரும் அத்துணை ஆசையோடு காத்திராத வேறு சில மணிப்பூக்கள் மயிலையிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வீட்டுக்கு வீடு வேரூன்றிவிட்டன. அந்த வரலாற்றையே ஈண்டுக் காண விழைகிறோம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சில சொற்கள். தாவரவியலார் இப்பூவினத்தைக் 'காம்பனுலா' என்பர். இலத்தீன் மொழியில் 'காம்பானா' என்பது ஆலய மணியைக் குறிக்கும். காம்பனுலா என்றால் சிறுமணி. இத்தாலியின் காம்பானியாப் பகுதியில் வார்க்கப்பட்ட வெண்கலம் பெயர்பெற்றது. அதனின்றே மணிக்கு இப்பெயர் வந்தது. அப்பகுதியிலுள்ள நோலா நகரின் ஆயராயிருந்து 431ஆம் ஆண்டு இறந்த புனித பவுலினுஸ், காற்றில் அசையும் மணிப்பூக்களைக் கண்டுதான் ஆலயத்திற்கு மணி அமைத்தார் என்று ஓர் அழகிய கதை வழங்குகிறது. குருமட நாட்களில் நாமும் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆயினும் தம் ஆலயத்தை அணு அணுவாக வருணித்து அவரே எழுதிய மடலில் மணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை வரலாற்று ஆசிரியர்கள் சுட்டிக்காட்டுவர். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

நம் தமிழிலோ 'மணி' என்ற ஒரு சொல்லே ஒலிக்கும் மணியையும் நீல மணியையும் குறிக்கும். மணிவண்ணன் என்றால் நீல நிறத்தவன். ஆகவே நீல நிறமும் மணி வடிவும் ஒருங்கே கொண்ட மலருக்கு 'மணிப்பூ' என்ற பெயர் இருமுறை பொருந்தும். பன்னீராண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சியும் உருவத்தால் மணிதான். 1994இலும் 2006இலும் 2018இலும் கொடைக்கானலிலோ உதகையிலோ அதைக் கண்டவர்கள் நாம் சொல்வதை ஒப்புவர். எனினும் தாவரவியலார் கணக்கில் குறிஞ்சி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

உண்மையான காம்பனுலாவில் நானூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் மிகப்பெரும்பாலானவை உலகின் வடபகுதியில், குளிர் நாடுகளில் வாழ்பவை. ஜெனீவா நகரத்து அல்போன்ஸ் டி காண்டோல் என்னும் இளைஞர் இக்குடும்பம் முழுவதையும் ஆராய்ந்து 1830இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். அல்போன்சின் பெயர் தாங்கிய காம்பனுலா ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பாறை இடுக்குகளில் யாரும் நடாமல், யாரும் நீரூற்றாமல் பூத்து வருகிறது. ஆக, தமிழ் மண் மணிப்பூவுக்கு முற்றிலும் அந்நியமன்று. தமிழ்ச் சமவெளிதான் அந்நியம். இம்மலைகளின் செடிகொடிகளைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு தொகுத்தவர் திருச்சி தூய வளனார் கல்லூரியின் இயேசு சபைக் குரு கே. எம். மேத்யு அடிகளார். 1967இல் அவர் தொடங்கிய ராபினாட் உலர்தாவரக் காப்பகமும், பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999இல் அவர் வெளியிட்ட நூலும் துறவி ஒருவர் அறிவியலுக்கு ஆற்றக்கூடிய தொண்டுக்குச் சான்றுகள். 2004இல் அவர் மறைந்தபோது, நம் மறைமாவட்டங்களில் அவரை அறிந்தவர்களைவிட அயல்நாட்டுத் தாவரவியலார் நடுவே அறிந்தவர்கள் மிகுதி என்பதை எண்ணி நாணினோம்.

கான்டர்பரி மணி சென்னையில் ஏன் தங்கவில்லை? அதன் வாழ்வு ஈராண்டு வாழ்வு. முதலாண்டில் தரையோடு ஒட்டி இலைகளை மட்டும் விரிக்கும். பின்னர் கடுங்குளிரைத் தாங்கிச் சில மாதங்கள் உறங்கும். அந்தக் குளிரை அனுபவித்த பின்னரே, மறு வசந்தத்தில் தண்டு உயர்ந்து பூக்கும். குளிர் இல்லையேல் பூ இல்லை. சென்னையின் மார்கழி இரவுகள் நமக்குச் சால்வை தேடவைக்கலாம். ஆனால் வெப்பமானி ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும். மே மாதத்திலோ 40 பாகையைத் தாண்டும். இதன் விதை தூசிபோல் நுண்ணியது. மண்ணால் மூடாமல் மேலாகத் தூவ வேண்டும். ஐப்பசியில் தூவினால் வடகிழக்குப் பருவமழை அடித்துச் செல்லும். தையில் தூவினால் முளைத்துச் சற்றே தலையெடுக்கும். பங்குனி வெயிலில் கருகும். உதகையிலும் பெங்களூரிலும் இதைப் பூக்கவைப்போர் உண்டு. சென்னையில் முயல்வோர்க்கு நாம் கூறக்கூடியது, விதைப் பொட்டலத்தின் மேலுள்ள படத்தைப் பார்த்து மகிழ்க என்பதே.

ஆயினும் இந்தத் தோல்விக்கு ஒரு பெருமை உண்டு. சென்னையின் தோட்டக்கலை வரலாறு அதிலிருந்தே கிளைத்தது. கிழக்கிந்தியக் கும்பெனியின் அதிகாரிகள் 18ஆம் நூற்றாண்டில் கோட்டையின் நெருக்கத்தை விட்டு வெளியேறித் தெற்கே பெரும் தோட்ட வீடுகளை அமைத்தனர். ஜார்ஜ் மூபரே என்பவர் அடையாற்றங்கரையில் அமைத்த மாளிகையே பிற்காலத்தில் அடையாறு மன்றமாகி, இன்று மெட்ராஸ் கிளப்பாக விளங்குகிறது. டி.டி.கே. சாலையை மூபரேஸ் சாலை என்றே இன்றும் சொல்லும் முதியவர்கள் ஆழ்வார்ப்பேட்டையில் உள்ளனர். ஆற்றின் மறுகரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்றிருந்த இடத்தை 1882இல் பிரம்மஞான சபையினர் வாங்கினர். அங்கிருந்த பேராலின் நடு அடிமரம் 1989இல் சாய்ந்ததை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்போம். இத்தோட்ட வீடுகளில் குடியிருந்த அயல்நாட்டார் தம் ஊர்ப் பூக்களைக் காண ஏங்கியது இயல்பே. தாயகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள் தொட்டியில் ஒரு பூவைப் பார்த்து ஆறுதல் தேடுவதை யார் குறைகூற முடியும்?

அந்த ஏக்கத்திற்கு ஒரு நிறுவன உருவம் கிடைத்தது 1835ஆம் ஆண்டில். மெட்ராஸ் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் அவ்வாண்டு தோன்றியது. அதற்கு வித்திட்டவர் இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். சங்கத்தின் தோட்டம் கதீட்ரல் சாலையில் அமைந்தது. இச்சாலையின் பெயரைக் கேட்டுச் சாந்தோம் பேராலயத்தை நினைப்போர் உண்டு, அது சரியன்று. 1815இல் எழுந்த ஆங்கிலிக்கத் தூய ஜார்ஜ் பேராலயத்தால் வந்த பெயர் அது. விதைகளை வரவழைப்பதும் பகிர்வதும் மலர்க் கண்காட்சி நடத்துவதும் சங்கத்தின் பணிகளாயின.

வைட் அவர்களைப் பற்றிச் சற்று நின்று பேசத் தோன்றுகிறது. 1819இல் சென்னை மாகாணத்திற்கு வந்த அவர், இங்குள்ள செடிகளை இங்குள்ளவர்களின் கையாலேயே வரைவித்தார். ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்கள் அவருக்காக உழைத்தனர். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, ஈராயிரத்துக்கு மேற்பட்ட படங்களுடன், தென்னிந்தியத் தாவரங்களின் பெருநூல் சென்னையிலேயே கல்லச்சில் உருப்பெற்றது. ஆர்க்கிட் இனம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரை வைட் சூட்டினார். வெள்ளை அதிகாரி ஒருவர் தம் கீழ்ப் பணியாற்றிய ஓவியரின் பெயரை அறிவியலில் பொறித்தது அந்நாளில் எளிதில் நடக்கும் செயலன்று. ஊதியப் பட்டியலோடு மறைந்துபோன எத்தனையோ தோட்டக்காரர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஒரு கோவிந்துவின் பெயராவது கிடைத்ததே.

வைட்டுக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னரே சென்னை உலகத் தாவரவியலின் ஓர் அஞ்சல் நிலையமாக இருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கோட்டையின் மருத்துவர்களாயிருந்த சாமுவேல் பிரவுனும், அவருக்குப்பின் எட்வர்டு பல்க்லியும், செடிகளை உலர்த்தி இலண்டனிலிருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பிவந்தனர். அக்காலத்தில் மணிலாவில் ஏழைகளுக்கு மருந்தகம் நடத்திவந்தார் இயேசு சபைச் சகோதரர் கெயோர்க் யோசப் கமல். மொராவிய நாட்டின் ப்ருனோ நகரில் 1661இல் பிறந்த அவர், பிலிப்பைன் தீவுகளின் மூலிகைகளை வரைந்து விளக்கம் எழுதினார். அவருடைய மடல்களும் படங்களும் சென்னைக்கு வந்து, பிரவுன், பல்க்லி ஆகியோரின் கை வழியாகவே இலண்டன் சென்றன. 1704இல் ஜான் ரே தம் தாவர வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் அவற்றைப் பிற்சேர்க்கையாக அச்சிட்டார். கமலின் பெயரால்தான் கமேலியா மலருக்கு லின்னேயுஸ் பெயரிட்டார். கத்தோலிக்கரும் புரோட்டஸ்டாண்டினரும் ஐரோப்பாவில் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. ஓர் இயேசு சபையாரும் ஆங்கிலக் கும்பெனி மருத்துவர்களும் உலர்ந்த இலைகளின் பொருட்டு ஒருவரையொருவர் நம்பினார்கள். கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிப் பேசும் மேடைகளில் இச்செய்தியை யாரும் எடுத்துரைத்ததாக நாம் கேட்டதில்லை.

இனி, வேரூன்றிய பூக்களுக்கு வருவோம். கடல் கடந்து வந்த செடிகளுக்குத் தமிழ் மக்கள் சூட்டிய பெயர்களில் அவை வந்த வழி பதிந்துள்ளது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறினர். 'காட்டுக் கோயில்' என்று மக்கள் அழைத்த லஸ் பிரகாச மாதா ஆலயத்தின் கல்வெட்டு 1516ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அப்பறங்கியரின் பெயர் பறங்கிக்காயில் நிலைத்துவிட்டது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவற்றுக்குச் 'சீமை' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. சீமை அகத்தியும் சீமைக் கருவேலமும் அவ்வகை. மெக்சிகோ நாட்டுச் செண்டுப்பூ 'துலுக்கச் சாமந்தி' ஆயிற்று. கல்லறைத் தோட்டங்களில் வெண்பூக்களை உதிர்த்து நிற்கும் மரத்தை 'ஈழத்தலரி' என்றனர். தமிழர் கண்ணில் அது இலங்கையிலிருந்து வந்தது. ஆனால் அம்மரத்தின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். அதன் அறிவியல் பெயரான ப்ளுமேரியா, பவுலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையின் துறவி ஷார்ல் ப்ளுமியே அவர்களை நினைவூட்டுவது. 1689 முதல் மும்முறை கரீபியத் தீவுகளுக்குச் சென்று செடிகளை வரைந்தவர் அவர். 1704இல் பெரு நாட்டுக்குப் புறப்படக் காத்திருந்தபோது ஸ்பெயின் துறைமுகத்தில் உயிர்நீத்தார். மணிப்பூக் குடும்பத்தைச் சேர்ந்த லொபேலியாவுக்குப் பெயரிட்டவரும் இவரே.

இப்பெயர் வரிசையில் ஒரு செடி மட்டும் தன் பயணச்சீட்டைத் தொலைத்துவிட்டது. அதுதான் பொன்னரளி. மஞ்சள் அரளி என்றும் சொல்வர். பறங்கி என்றோ சீமை என்றோ ஈழம் என்றோ அதற்கு அடைமொழி இல்லை. நம் பழைய இலக்கியங்கள் கணவீரம் எனக் குறிக்கும் செவ்வரளி இந்நாட்டில் நெடுங்காலமாக வாழ்வது. அதன் நீண்ட இலையையும் பாலையும் ஒத்திருந்ததால், புதிதாய் வந்த மஞ்சள் மணிப்பூவையும் மக்கள் அரளிக் குடும்பத்தின் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டனர். சிவாலயங்களில் பூசைக்கு ஏற்ற மலராகவும் அது ஆயிற்று. இத்தாலியில் பிறந்த பெஸ்கி அடிகளை வீரமாமுனிவர் என்று நாம் அழைப்பது போன்றதே இது. ஆனால் இந்தப் பூவோ மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் பிறந்தது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்களுள் இதற்கு இடம் இருந்திருக்க வழியே இல்லை.

லின்னேயுஸ் 1753இல் இச்செடிக்கு 'தெவெடியா' என்ற பெயரை வழங்கினார். அப்பெயருக்குரியவர் ஆந்த்ரே தெவே என்னும் பிரெஞ்சு பிரான்சிஸ்கன் துறவி. 1555இல் பிரேசில் கடற்கரைக்குச் சென்று, சில வாரங்களே தங்கி, நோயுற்றுத் திரும்பி, 1557இல் அந்நாட்டைப் பற்றி நூல் எழுதியவர். கேட்டதையும் கண்டதையும் கலந்து எழுதுபவர் என்று அவருடைய காலத்தவரே அவரைக் குறைகூறினர். எனினும் அந்நூலில் ஒரு செய்தி நமக்குப் பொன்போன்றது. 'அஹுவாய்' என்னும் மரத்தின் காய் கொடிய நஞ்சு என்றும், அதன் உள்ளீட்டை அகற்றி, வெற்று ஓடுகளைக் கோத்து, அந்நாட்டு மக்கள் கால்களில் சலங்கையாய்க் கட்டி ஆடினர் என்றும் அவர் எழுதினார். அம்மரம் நம் பொன்னரளியின் உடன்பிறப்பு. இன்று தாவரவியலார் பொன்னரளியைக் 'காஸ்கபேலா தெவெடியா' என்கின்றனர். 'காஸ்கபெல்' என்றால் ஸ்பானிய மொழியில் சிறுமணி, கிலுகிலுப்பை. காம்பனுலாவும் சிறுமணி, காஸ்கபேலாவும் சிறுமணி. கான்டர்பரியின் மணி மயிலைக்கு வர மறுத்தது; பிரேசில் காட்டுச் சலங்கையின் உடன்பிறப்போ அழையாமலே வந்து மயிலையின் மணியாயிற்று.

பொன்னரளிக்கு இருபுறமும் வேறு இரு மஞ்சள் மணிகள் நிற்கின்றன. ஒன்று அலமண்டா. பிரேசில், கயானா நாடுகளின் ஆற்றங்கரைகளிலிருந்து வந்த இது, பெரிய பொன்மணிகளைச் சுவரெங்கும் தொங்கவிடும் படர்செடி. மற்றொன்று டெக்கோமா, சொர்ணப்பட்டி என்றும் சிலர் கூறுவர். கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் இது பகாமாத் தீவுகளின் நாட்டு மலர். நம் ஊரில் பேருந்து நிறுத்தத்தின் பின்னே, பள்ளிச் சுவரோரம், மாதா கெபியின் பக்கத்தில் என்று கேட்பாரற்றுப் பூக்கிறது.

இம்மூன்றும் சென்னையின் வீட்டுத் தோட்டத்தைக் கைப்பற்றியதற்குக் காரணம் மண்ணும் நீரும். மயிலை, சாந்தோம், பெசன்ட் நகர்ப் பகுதிகள் கடற்கரை மணல். ஊற்றும் நீர் ஓடிவிடும், கோடையில் கிணற்றில் உப்பேறும். தியாகராய நகரோ ஏரி வயிற்றில் எழுந்த ஊர். மாம்பலம் ஏரியாக நீண்டுகிடந்த பரப்பைத் தூர்த்து 1923 முதல் 1925க்குள் அந்நகர் வகுக்கப்பட்டது, அங்கே களிமண். பெரிய தோட்ட வீடுகளின் காலம் மறைந்து, நடுத்தரக் குடும்பங்கள் சுற்றுச்சுவரும் நாலு தென்னையும் கொண்ட மனைகளில் வாழத் தொடங்கிய காலம் அது. தோட்டக்காரர் வைக்க வசதியில்லை. தெருவிலோ மாடும் ஆடும் திரிந்தன. ஆடு வாய்வைக்காத, தண்ணீர் மறந்தாலும் வாடாத, ஆண்டு முழுதும் பூசைக்குப் பூத்தரும் செடி வேண்டும். பொன்னரளி அதற்கெனவே பிறந்ததுபோல் வேலியோரம் நின்றது. ஆங்கிலேயர் பணம் செலவழித்து விதை வாங்கித் தோற்ற இடத்தில், அடுத்த வீட்டுக் கிளையை ஒடித்து நட்டவர்கள் வென்றார்கள்.

ஆடு ஏன் வாய்வைப்பதில்லை என்ற வினாவைத் தவிர்க்க இயலாது. பொன்னரளியின் ஒவ்வோர் உறுப்பும் நஞ்சு. விதை மிகக் கொடிது. இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள்கள் அதில் உள்ளன. ஐரோப்பாவில் மணிபோல் பூக்கும் டிஜிட்டாலிஸ் செடியிலும் இத்தகைய பொருளே உண்டு. 1785இல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் அதை அளவறிந்து கொடுத்தால் நீர்கோத்த நோயாளிக்கு மருந்தாகும் என எழுதினார். ஆனால் அரளி விதையில் அளவறிதல் இல்லை. 'அரளி விதை' என்ற சொல் தமிழகத்துத் தாய்மார் நெஞ்சில் எழுப்பும் அச்சத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. பங்குப் பணியில் இருப்பவர்கள் இதைச் செய்தித்தாளில் படித்து அறிவதில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டு அறிகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1980களிலிருந்து இவ்விதையால் நேர்ந்த இளம் உயிரிழப்புகள் உலக மருத்துவர்களையே திரும்பிப் பார்க்கச் செய்தன. இலங்கை மருத்துவமனைகளில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, டிஜிட்டாலிசுக்கான மாற்று மருந்து இதற்கும் பயன்படும் என நிறுவியது. அம்மருந்தின் விலையோ ஏழை நாடுகளுக்கு எட்டுவதாயில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலும், மனம் சோர்ந்தவர் உள்ள வீட்டிலும் இச்செடி வேண்டா. இதை நாம் தயக்கமின்றிக் கூறுவோம். பூவின் அழகையோ பூசைப் பழக்கத்தையோ காரணம் காட்டி யாரும் மறுக்க வேண்டா. விதையை விழுங்கிவிட்டார் எனில் நாட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடமும் கழிக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கதீட்ரல் சாலையின் பின்கதையையும் சொல்லிவிடுவோம். சங்கத்தின் நிலத்தில் ஒரு பகுதியில் 1962இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் தொடங்கியது. மரநிழலில் காருக்குள் அமர்ந்து காப்பி அருந்தும் இன்பம் 2008 வரை நீடித்தது. நிலத்தைக் குறித்து அரசுக்கும் சங்கத்துக்கும் நெடுங்காலம் வழக்கு நடந்தது. 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது; எதிர்ப்புறத்து நிலத்தில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. 1947இல் மயிலையில் தோன்றி 1960இல் இச்சாலைக்கு வந்த ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் மரங்களும் சேர்ந்து, சாலை இன்றும் பசுமையாகவே உள்ளது. வைட்டின் சங்கம் நின்ற மண்ணில் அடுக்குமாடி எழாமல் பூங்கா எழுந்தது நல்லதே. மலர்க் கண்காட்சிக்காகக் குளிர்நாட்டுப் பூக்கள் தொட்டி தொட்டியாய் அங்கு வந்து சில நாட்கள் சிரித்துவிட்டுப் போகின்றன. 1835இன் ஏக்கம் இன்னும் தீரவில்லை போலும்.

ஆனால் பொதுப் பூங்கா வாழ்ந்தது. வீட்டுத் தோட்டம் வீழ்ந்தது. சென்ற நாற்பது ஆண்டுகளில் மயிலை, மாம்பலம், அடையாறு ஆகிய இடங்களில் தனி வீடுகள் ஒவ்வொன்றாய் இடிந்து அடுக்குமாடிகளாயின. வேலியோரத்துச் செடிகள்தாம் முதலில் வெட்டப்பட்டன. வண்டி நிறுத்த இடம் வேண்டுமன்றோ! சகோதரர் மூவர் பாகம் பிரிக்கையில் மாமரத்துக்கு மதிப்புப் போடுவார்கள். அரளிக்கு யார் போடுவார்? வீடுகளை மந்திரிக்கச் செல்லும்போது, நான்காம் மாடியின் சிமெண்டுத் திண்ணையில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு, "சாமி, இதுல என்ன பூ வைக்கலாம்?" என்று கேட்கும் மூதாட்டியரைக் காண்கிறோம். அவர்களுள் பலர் பெரிய தோட்டத்தில் பூப்பறித்து வளர்ந்தவர்கள்.

அவர்களுக்கு நாம் சொல்வது அலமண்டா. அதன் பாலும் தோலில் அரிப்பூட்டும், உண்டால் வயிற்றைக் கெடுக்கும். எனினும் பொன்னரளி விதையின் கொடுமை அதற்கில்லை. ஓரடிக்குக் குறையாத தொட்டி வேண்டும். அடியில் துளையும் உடைந்த ஓட்டுச் சில்லும் இட்டு, செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சமமாய்க் கலந்து நிரப்ப வேண்டும். பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் அளவு நறுக்கி, பால் வடிந்து உலர்ந்தபின் நடலாம். ஆடியில் நட்டால் மழைக்குள் வேர்பிடிக்கும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் பட வேண்டும். வெயில் இல்லாத திண்ணையில் இலை மட்டுமே மிஞ்சும். மாநகராட்சிக் குழாய்நீர் நல்லது. உப்புக் கிணற்று நீரையே ஊற்ற நேர்ந்தால், மழை பெய்யும்போது தொட்டியைத் திறந்த வெளியில் வைத்து உப்பைக் கழுவவிட வேண்டும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபின் அடையாற்றுப் பக்கம் பல கிணறுகள் நன்னீர் ஆனது தோட்டக்காரர்களுக்கும் கிடைத்த கொடை. தை பிறந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால், புதுத்தளிரின் நுனியில் கோடை முழுதும் பூக்கும். மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரில் கலந்து தெளித்தல் போதும்.

சுவரோரம் ஒரு முழ மண்ணாவது மிஞ்சியிருப்போர் டெக்கோமாவை நடலாம். அதன் சிறகு முளைத்த விதை தானே பறந்து முளைக்கும். ஆகவே காய்களை முற்றவிடாமல் களைவது அயலார்க்குச் செய்யும் மரியாதை. பொன்னரளி முன்னரே நிற்கும் வீடுகளிலோ, பச்சைக் காய்களை வாரந்தோறும் கையுறையிட்டுப் பறித்துப் புதைத்துவிட வேண்டும். வெட்டிய கிளைகளை அடுப்பில் எரிக்கலாகாது, கைகளை நன்கு கழுவ வேண்டும். அரளி இலையின் அடியில் வெள்ளிக் காதணிபோல் ஒன்று மின்னித் தொங்கினால் அதை மட்டும் விட்டுவைக்கலாம். அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு. செடியின் நஞ்சையே உண்டு வளர்ந்து பத்து நாட்களுக்குள் பறந்துவிடும்.